காற்றும் கடலும் சேர்ந்த கணக்கு

கனகசெட்டிக்குளத்திலிருந்து டவுனுக்கு வரும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் ஆராய்ச்சி மாணவிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

"கடல் என் பேச்சக் கேட்டுடுச்சுடி" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"என்னடி சொல்ற?" என்றாள் தோழி.

"காத்து அலையக் கெளப்புது, அலை காத்த மட்டுப்படுத்துது. ரெண்டையும் சேத்து கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டா, அலை எப்பவும் நெசத்த விட ஒசரமாவே வந்துச்சில்ல? கடல்ல மிதவை போட்டு அலைய அளந்தேன். அந்த அளவ வெச்சு கணக்கத் திருத்துனேன். இன்னிக்கு வந்த அலைய நேத்தே சரியா சொல்லிடுச்சு."

"ஆராய்ச்சித் தலைப்பையே மாத்தச் சொன்னாரே உங்க சார்?"

"அவரும் கரைக்கு வந்து பாத்தாரு. மாத்த வேணாம்னுட்டாரு."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல. பேன்ட்ட மடிச்சிக்கினு அலையில போய் நின்னாரு. கூப்புட்டும் வரல."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.