பெட்டித்தடம்

தொடாத தாயி. அந்தச் செருப்பத் தொடாத. உன் செருப்பு வாரு அந்துட்டுன்னு எனக்கும் தெரியுது. அதுக்காவ மரத்துல கிடக்கத எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிரலாமா? யாரு செருப்பு, எதுக்கு இந்த உடைமரத்துல தொங்குதுன்னு ஒரு வார்த்த கேக்க வேண்டாமா? மாப்பிள்ள வீட்டுக்காரவிய, மதுரையில இருந்து வந்திருக்கிய, உங்களுக்குத் தெரியாது. அந்தா, சித்தப்பா ஒருத்தரு சிரிக்காரு. சிரிங்க, சிரிங்க. வேன் மண்ணுக்குள்ள புதஞ்சுட்டு, டிராக்டர் வாரது வரைக்கும் நமக்கும் வேற சோலி இல்ல. நெழல்ல உக்காருங்க, சொல்லுதேன்.

இந்தத் தேரி இன்னும் உசரமா நின்ன காலம். காத்து எந்தப் பக்கம் அடிக்கோ அந்தப் பக்கம் செம்மணல் மலையா நகந்து போன காலம். அந்தக் காலத்துல, தேரிக்கு மேக்க, நம்ம பொண்ணு வீடு இருக்கே சாலிவிளை, அங்க கடைசி வீட்டுல ராசக்கனின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் கொம்பையா, பனையேறி. தேரிக்குக் கிழக்க கடக்கரை, மீன் பிடிக்கிற சனம். ரெண்டு ஊருக்கும் நடுவுல இந்த மணல்தான். காலையில நடக்கலாம், சாயந்தரம் நடக்கலாம். உச்சி வெயில்ல கால வச்சா, வறுக்குத சட்டியில கால வச்ச மாதிரிதான். நடுவுல ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

ஒரு நாளு மத்தியானம் ராசக்கனி வீட்டு வேலிப் பக்கமா ஒரு கருவாட்டுக்காரி வந்தாளாம். பேரு இஞ்ஞாசியம்மா. அறிஞ்சவ இல்ல, தெரிஞ்சவ இல்ல. கருவாடு வித்துட்டு ஊருக்குத் திரும்புதா. வெறுங்காலு.

"யக்கா, இந்த நேரத்துலயா தேரியில இறங்கப் போற?"

"வீட்டுல கைப்பிள்ள பாலுக்கு அழும் தாயி. என்ன செய்யச் சொல்லுத?"

ராசக்கனி தன் கால்ல கிடந்த பனமட்டைச் செருப்பக் கழட்டி அவ முன்னால போட்டா.

"போட்டுட்டுப் போ."

"ஐயோ, நான் அடுத்து இந்தப் பக்கம் என்னைக்கு வருவேனோ. எப்பிடித் திருப்பித் தருவேன்?"

"மணல் முடியுத எடத்துல ஒரு மரத்துல மாட்டிரு. இங்கிட்டு வாரவ யாராச்சும் போட்டுட்டு வரட்டும்."

அம்புட்டுதான். பெருசா என்ன செஞ்சிட்டா? ஒண்ணுமில்ல. ஆனா கேளுங்க. மறுநாளு ஒரு உப்புக்காரன் அந்தச் செருப்பப் போட்டுட்டு வந்து வேலிக் கம்புல மாட்டுனானாம். அன்னைக்குச் சாயந்தரம் ஒரு வளையல்காரி போட்டுட்டுப் போனாளாம். அதுக்கப்புறம் யாரு யாரோ. செருப்பு போகும், செருப்பு வரும். இந்தக் கரையில இந்த உடைமரம், அந்தக் கரையில ராசக்கனி வேலி. போட்டவ பேரு போட்டவளுக்கே தெரியும், மத்தவளுக்குத் தெரியாது.

கொம்பையாவுக்கு மட்டும் இது தெரியாது. விடியுமுன்ன பனைக்குப் போற மனுசன். செருப்பு அவரு கையால செஞ்சது. நாருல அவரு போடுத முடிச்ச வேற ஒருத்தனும் போட முடியாதுன்னு அவருக்கு ஒரு கெத்து. அப்பப்ப கேப்பாராம்.

"ஏட்டி, நான் செஞ்சு தந்த செருப்பு எங்க?"

"இங்கனதான் கிடக்கும்."

"எங்கன?"

"எங்கனயோ கிடக்கும். கஞ்சியக் குடிங்க."

சொல்லியிருக்கலாம். சொல்லல. சொன்னா ஏசுவாருன்னு பயம். அதுதான் வினையாப் போச்சு.

ராசக்கனி மக பூங்கனி தலப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கா. ஒரு நாளு அந்திக்கு வலி லேசாத் தொடங்கிட்டு. நல்ல மருத்துவச்சி கடக்கரையிலதான் இருக்கா, மிக்கேலம்மான்னு பேரு. ஊருக்குத் திரும்பிக்கிட்டிருந்த இஞ்ஞாசியம்மாகிட்ட ராசக்கனி சொல்லி விட்டா, "யக்கா, விடிஞ்சதும் மிக்கேலம்மாவக் கூட்டிட்டு வந்துரு"ன்னு. இஞ்ஞாசி அந்தச் செருப்பத்தான் போட்டுட்டுப் போயி, இந்த மரத்துல மாட்டிட்டு, மருத்துவச்சி வீட்டுக்கு ஓடுனா. மருத்துவச்சிக்குப் போட அது ஆவும்னுதான் மாட்டிட்டுப் போனா.

விடிஞ்சுது. மருத்துவச்சி வரல. அங்க வேற ஒருத்திக்குப் பேறுகாலம், விட்டுட்டு வர முடியல. இங்க பூங்கனி துடிக்கா. பக்கத்து வீட்டுக்காரி வயித்தத் தொட்டுப் பாத்துட்டு மொகம் வெளுத்துட்டா. "பிள்ள குறுக்க கிடக்கு ராசக்கனி. இது நம்ம கைக்கு அடங்காது."

வெயில் ஏறுது. ராசக்கனி வேலிக்கு வாரா, தேரியப் பாக்கா, உள்ள போறா. திரும்ப வாரா, தேரியப் பாக்கா, உள்ள போறா. அப்பத்தான் கொம்பையா வாராரு. வலி கூடுமுன்ன, காலையிலயே கருப்பட்டி விக்கக் கடக்கரைக்குப் போனவரு. கால்ல அவரு செருப்பு. கையில? கையில ஒரு சோடி செருப்பு.

"ஏட்டி ராசக்கனி! பாத்தியா, களவு போனத மீட்டுட்டேன்! எவனோ தூக்கிட்டுப் போயி அங்க உடைமரத்துல மாட்டி வச்சிருக்கான். என் முடிச்சு எனக்குத் தெரியாமப் போயிருமா?"

ராசக்கனி அந்தச் செருப்பப் பாத்தா. பெத்த மக உள்ள சாவக் கிடக்கா. அவளக் காப்பாத்த வேண்டியவ கால்ல போட இருந்தது புருசன் கையில தொங்குது. ஏசக்கூட அவளுக்கு நேரமில்ல. செருப்பப் பிடுங்கி ஒரு சோடியக் கால்ல போட்டா, அவரு காலுச் செருப்பையும் கழட்டச் சொல்லி இடுப்புல சொருகுனா, தேரியில ஏறி ஓடுனா. மனுசன் வேலிகிட்ட திகைச்சுப் போயி நின்னாராம்.

இந்த மரத்துப் பக்கம் என்ன நடந்துச்சு தெரியுமா? மருத்துவச்சி தேரியில தனியா வழி தவறிருவான்னு, இஞ்ஞாசியும் மத்த கருவாட்டுக்காரியளும் காலையில கிளம்பாம அவளுக்காவ காத்துக் கிடந்திருக்காளுவ. எல்லாரும் இந்த மரத்தடிக்கு வந்து பாக்காளுவ. மரம் வெறுமையா நிக்கி. அவளுவ காலாவது மணல்ல வெந்து காய்ச்சுப் போன காலு. மிக்கேலம்மா வயசானவ, கால் முழுக்கப் பித்தவெடிப்பு. தூக்கிட்டுப் போலாம்னா ஆளு நல்ல கனம். தூக்குனவ முழங்கால் வரைக்கும் மணல்ல புதயுதா.

"நீங்க போங்கட்டி. வெயில் தாழட்டும், நான் வாரேன்"ன்னாளாம் மிக்கேலம்மா.

"வெயில் தாழுத வரைக்கும் அந்தப் பிள்ள தாங்காது"ன்னா இஞ்ஞாசி.

சொன்னவ என்ன செஞ்சா தெரியுமா? தலையில இருந்த ஓலைப்பெட்டிய இறக்குனா. பெட்டி நெறய கருவாடு. அன்னைக்கு அடுப்பெரிய அதுதான் கதி. அத அப்பிடியே மணல்ல கொட்டுனா. பெட்டியக் கவுத்து வச்சா. "இதுல காலை வைங்க ஆத்தா"ன்னா. அடுத்தவளும் கொட்டுனா. அதுக்கு அடுத்தவளும் கொட்டுனா.

ராசக்கனி மேட்டு மேல ஏறிப் பாக்கா. தூரத்துல ஏதோ ஊருத மாதிரி தெரியுது. கிட்டப் போயிப் பாக்கா. வரிசையாப் பெட்டி. பெட்டி மேல மருத்துவச்சி நடந்து வாரா. அவ தாண்டுன பெட்டியப் பின்னால நிக்கவ எடுத்து முன்னால குடுக்கா, முன்னால நிக்கவ வாங்கிக் கீழ வைக்கா. எடுக்கா, குடுக்கா, வைக்கா. எடுக்கா, குடுக்கா, வைக்கா. அத்தன பேரும் கொதிக்குத மணல்ல வெறுங்காலோட. கால மாத்தி மாத்தி வச்சாளுவளே ஒழிய ஒருத்திகூட நிக்கலையாம்.

எத்தன தடவ சொல்லியிருப்பேன், இந்த எடம் வந்தா ஒரு வாய் தண்ணி குடிச்சாத்தான் மேல சொல்ல முடியும். கொஞ்சம் பொறுங்க.

ராசக்கனி மருத்துவச்சி கால்ல செருப்ப மாட்டிட்டு, கொம்பையா செருப்ப இஞ்ஞாசிகிட்ட நீட்டிட்டு அழுதாளாம். "யக்கா, நான் ஒரு சோடி செருப்புதான குடுத்தேன். அதுக்குப் போயி இப்பிடியா?"

"கணக்கெல்லாம் அப்புறம் பேசுவோம். மகளப் போயிப் பாரு, ஓடு"ன்னாளாம் இஞ்ஞாசி.

மிக்கேலம்மா போயிப் பிள்ளயத் திருப்பி எடுத்தா. பூங்கனி பொழச்சா. ஆம்பிளப் பிள்ள. ஏந்தத் துணி தேடாம, நசுங்கிக் கிடந்த ஒரு கருவாட்டுப் பெட்டியிலதான் அவனக் கிடத்துனாளுவளாம். அந்தப் பிள்ள வழியில வந்தவன்தான் இந்தா உங்க முன்னால நிக்கேன். அந்தப் பெட்டி இல்லன்னா நானும் இல்ல, நீங்க பாக்க வந்த பொண்ணும் இல்ல.

கொம்பையா? பேரனைப் பாக்க உள்ள போகலையாம். முத்தத்துல உக்காந்திருந்த பொம்பளையளோட கொப்பளிச்சுக் கிடந்த காலப் பாத்தாராம். மட்டைய எடுத்தாரு, நாரை எடுத்தாரு, செருப்பு கட்ட உக்காந்தாரு. ஒவ்வொருத்திக்கும் ஒரு சோடி. அதுக்கு மேலயும் கட்டி, வெயில் தாழ்ந்ததும் தானே கொண்டு வந்து இந்த மரத்துல மாட்டுனாராம். அவரு இருந்த வரைக்கும் இந்த மரம் வெறுமையா நின்னதில்ல.

அன்னையில இருந்து இந்த வழிக்குப் பெட்டித்தடம்னு பேரு. இன்னைக்கும் எங்க வீட்டுல பிள்ள பொறந்தா மொதல்ல ஓலைப்பெட்டியிலதான் கிடத்துவோம். பெட்டி கடக்கரையில இருந்து வரும், சாலிவிளையில இருந்து புதுச் செருப்பு இந்த மரத்துக்கு வரும். இப்ப ரப்பர் செருப்பு, வேற என்ன செய்ய.

டிராக்டரக் காணும். சரி, நடந்தே போயிருவோம். ஏ தாயி, அந்தா அந்தப் பச்ச வாரு வச்சத எடு. உன் காலுக்குச் சரியா இருக்கும். போடு, கூச்சப்படாத. அந்தக் கரையில வேலிக் கம்பு நிக்கும், அதுல மாட்டிரு.

மறந்தாப்புல வீட்டுக்கு மட்டும் கொண்டு போயிராத. பின்னால ஒருத்தி வாரா.