நஸீஹா வளர்த்த தொப்பை

— புத்துநோய்க்கு எடுத்த மாருக்குப் பதிலா வயித்துச் சதையை வச்சுத் தைப்போம்னு டாக்டர் சொன்னாரில்ல? இன்னிக்கு அவர் முன்னாடி என் தொப்பையைத் தட்டிக் காட்டினேன்க்கா. "வேணுங்கிற அளவு வெட்டி எங்க பெய்யா அக்காவுக்கு வைங்க"ன்னேன். நர்ஸ் சிரிக்கிறா.

— சிரிக்காம? அவங்கவங்க சதைதாண்டி அவங்கவங்க உடம்புல ஒட்டும், நஸீஹா.

— அதை எனக்கு யாரு சொன்னா? உன் வயித்துல எடுக்கச் சதையில்லைன்னு கேட்ட நாள்லேருந்து, வறுத்த மாவுல ஆலிவ் எண்ணெயைக் குழைச்சு ரெண்டு வேளையும் தின்னேன். மூணு மாசம். இப்போ ஒரு சட்டைகூடப் பத்தலை.

— உன்னை யாருடி திங்கச் சொன்னது?

— ஒருதாய் மக்கள், ஒட்டாமயா போயிடும்னு நினைச்சேன். சரி, சொல்றதக் கேளு. சிலிக்கான் பை வச்சுக்க. எண்ணெய்க்கடைக்காரர் பொண்டாட்டி வச்சுக்கிட்டு ஜம்முனு திரியுறா.

— குப்புறப் படுக்க முடியலைன்னு என்கிட்ட அழுவுறா.

— நீ எப்போ குப்புறப் படுத்த?

— தினமும். உன் புலம்பல் காதுல விழாம இருக்கத்தான்.

— நல்லாக் கிண்டல் பண்ணு. வியாழக்கிழமை உன் மக ரீமுக்குக் கல்யாணக் குளியல். ஸ்ஃபாக்ஸ் ஊர்ப் பொம்பளைங்க பூரா ஹம்மாம் குளியல்கூடத்துல கூடுவாங்க. பெத்தவ நீ இடுப்புத் துண்டோட நின்னு தண்ணி ஊத்தணும். எப்படி நிப்ப?

— ரெண்டு கால்ல.

— சொல்றதக் கேளுக்கா. ரீமுக்கு அம்மை போட்டிருக்குன்னு சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளி வைப்போம். அதுக்குள்ள டாக்டர் ஏதாவது ஒண்ண வச்சிடுவாரு.

— முந்நூறு பேருக்குப் பத்திரிகை போயாச்சு. மாப்பிள்ளை ஏற்கெனவே பயந்தாங்கொள்ளி. அம்மைன்னா அல்ஜீரியாவுக்கு ஓடிடுவான்.

— அப்போ துண்டை மேல ஏத்திக் கட்டிக்கிட்டு உள்ள கொஞ்சம் பஞ்சு வச்சு...

— தண்ணியில ஊறினா மொழங்காலுக்கு வந்துடும்.

— சிரிக்காதக்கா. அத்தனை பேரும் உன்னையே உத்துப் பார்ப்பாங்க. என்னால தாங்க முடியாது.

— நஸீஹா, எதுவும் வேணாம், இப்படியே இருக்கேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு மாசமா திங்கக்கிழமை தவறாம ஹம்மாம் போறேன்.

— பொய்.

— முதல் வாரம் எல்லாரும் பார்த்தாங்க. ரெண்டாவது வாரம் வெந்நீர் வாளிக்கு என்கூடச் சண்டை போட்டாங்க.

— யாரு முதுகு தேய்ச்சா?

— பக்கத்துல யாரு இருந்தாங்களோ அவங்க.

— முப்பது வருஷமா உன் முதுகைத் தேய்ச்சவ நானு. என்னை ஏன் கூப்பிடலை?

— எப்படிடி கூப்பிடுவேன்? மாரை எடுத்த நாள்லேருந்து நீ என் கழுத்துக்குக் கீழ பார்க்கவே இல்லையே.