வடக்குத் தெருவ அடைச்சா தேரு எப்படி நெலைக்கு வரும்?

உக்காருங்க, யாரும் எந்திரிச்சுப் போயிடாதீங்க! இந்தப் போன் வெளையாட்ட உருவாக்குன பூவிழி வரலைன்னா என்ன, அவ அத்த நான் வந்திருக்கேன்ல? தையில நான்தான் அவ கையில காப்புக் கட்டுனேன், வெளையாட்டு வெளிய வர்ற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாதுன்னு. இத்தினி மாசம் இழுக்கும்னு யாரு கண்டா?

இந்த அரியலூர் மண்டபத்துல தலைமை தாங்குற வைத்திலிங்கம் ஐயா அவர்களே, ஆன்றோர்களே, அடுப்ப அணைச்சுட்டு ஓடியாந்த அன்புத் தாய்மார்களே, முன்வரிசையில மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க கம்பெனிக்காரரு அறிவழகன் தம்பி அவர்களே, வணக்கம்! இன்னைக்கு வர்றதா சொன்ன தேர் வெளையாட்டு, இன்னைக்கு வராது.

சத்தம் போடுங்க, நியாயந்தான்! தையில வரும்னா, வரல. பங்குனின்னா, வரல. இப்ப ஆனியும் போச்சு. நான் கும்புடாத சாமி இல்ல. ஏன் வரல?

கீழப்பழுவூர்ல எங்க மாரியம்மன் தேர நாலு வீதியும் இழுத்து நெலைக்குக் கொண்டாரணும். அதான் வெளையாட்டு. வூடு வூடா வரைஞ்சு வச்சா எம் மருமவ. இந்தத் தம்பி, "நாளு இல்ல, வடக்குத் தெருவ வெட்டிருங்க"ன்னாரு. வெட்டுனா. போன வாரம் போன்ல இழுத்துப் பாத்தா, மேக்கு வீதி முக்குல தேரு செவுத்துல முட்டி நிக்குது!

"தெருவ அழிச்சுட்டியாடி?"ன்னேன்.

"இல்லத்த, உள்ளதான் இருக்கு. குறுக்க செவுரு வச்சிருக்கேன்"ன்னா.

தூக்கிவாரிப் போட்டுச்சு! அப்ப செவுத்துக்கு அந்தாண்ட தேங்காத் தட்டோட நிக்கிற பொம்பளைங்க? கோலம் போட்ட வாசலு? சாமி வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருக்காங்களே, அவங்க கதி என்ன? செவுத்த இடின்னேன். இடிச்சுட்டா. தெருவச் சரிபண்ண நாளு வேணும்.

தம்பி, தேதி பெருசா, தெரு பெருசா? ஒரு வீதி கொறஞ்சா அது ஊர்வலமா? நெலைக்கு வராத தேர நீங்க வித்துருவீங்க, நாங்க எப்படிக் கும்புடுவோம்? "இன்னைக்கு விடலைன்னா ஒப்பந்தம் கிடையாது"ன்னீங்க. இந்தச் சனத்தையே கேளுங்க, செவுரு வேணுமா, தெரு வேணுமா?

கேட்டுச்சா? என்னது? மைக்குல சொல்லுங்க தம்பி! ஆடி கடேசி வெள்ளியா? கை தட்டுங்க! புள்ள பொழச்சா!

கையெழுத்துக்கு நீங்கதான் எங்க ஊருக்கு வரணும் தம்பி, அவ எல்ல தாண்ட மாட்டா. பொறுத்துக்கிட்ட புண்ணியவான்களுக்கு ரெண்டு கையும் கூப்பி நன்றி சொல்லி... அய்யய்யோ, மாரியாத்தா! அன்னைக்கு எங் கையிலயும்ல ஒரு காப்பக் கட்டிக்கிட்டேன்!