மரியானுஸ் குஜூர் அரங்கத்து வாசல்ல

...என்னது, பாஸ் வேணுமா? நல்லா இருக்குய்யா நியாயம்! மேல பெருசா எழுதியிருக்கே, 'மரியானுஸ் குஜூர் ஹாக்கி அரங்கம்'னு, அந்த மரியானுஸோட பொண்டாட்டி பால்ம்தினா நான். எனக்கே பாஸா? வாட்ச்மேன் வேலைக்கு நீ வந்ததே நேத்து, தம்பி.

அந்தப் படத்தைப் பாரு. மீசை! அந்த மனுசனுக்கு மீசையே கெடையாது. எந்தப் போலீஸ்காரனைப் பாத்து வரைஞ்சானுங்களோ! தெறப்பு விழாவுல மந்திரி அந்த மீசைக்கு மாலை போட்டு அழுதாரு பாரு... எனக்குச் சிரிப்ப அடக்க முடியல.

அவரு ஆட்டமா? ஐயோ, அத ஏன் கேக்குற! மூங்கிலை நெருப்புல வாட்டி வளைச்சு மட்டை செஞ்ச ஆளு. எங்க ஒடிசாவுல, சுந்தர்கர் பக்கம் ஜெயிச்சா கோப்பையா குடுப்பாங்க? கிடா! அங்கனயே வெட்டி, கொழம்பு வச்சு, அரிசிக் கள்ளோட... தோத்தவனும் வந்து உக்காந்துருவான். 'இவன் வீட்டுல கறிக்குப் பஞ்சமிருக்காது'ன்னு எங்கப்பா என்னைக் கட்டிக் குடுத்தாரு. கட்டின வருசமே மனுசன் ரயில்வே டீம்ல சேந்து ஊரை விட்டுப் போயிட்டாரு! கறியாவது, கொழம்பாவது.

அப்புறம் முட்டி போச்சு, திரும்பி வந்தாரு. எட்டிப் பாக்க ஒரு நாயி வரல. சும்மா கெடந்தாரா? ஊருப் பொட்டப்புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு விடியக்காலையில இந்த மண்ணுல வந்து நின்னுருவாரு. வீட்டுல கஞ்சி ஆறிக் கெடக்கும். "யோவ், முட்டியே மடங்கல, உனக்கென்னய்யா ஆட்டம்?"னு கத்துவேன். "முட்டிதான்டி போச்சு, வாய் இருக்குல்ல"ம்பாரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு இங்கதான் விழுந்தாரு. அப்பக்கூட, "பந்தப் பாருங்கடி, என்னை என்ன பாக்குறீங்க"ன்னாராம். அந்த வாய் அப்புறம் தெறக்கல...

செத்தப்புறம் வந்துச்சுய்யா மரியாதை! மண்ணு மேல நீலப் பிளாஸ்டிக் புல்லு விரிச்சீங்க. புல்லு எந்த ஊருல நீலமா மொளைக்குது? சுத்தி மதிலு, வாசல்ல பூட்டு. பெரிய டீமு வர்ற வரைக்கும் அழுக்காகக் கூடாதாம். அவரு பேர எழுதி வச்சு, அவரு பழக்கின புள்ளைங்களுக்கே கதவைச் சாத்திட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?

என்ன, திரும்பித் திரும்பிப் பாக்குற? காத்துதான் தம்பி... இந்தப் பக்கம் பாரு, இன்னும் கதை இருக்கு... சரி போ, காத்து இல்ல. மட்டைச் சத்தம்தான். பின்னாடி மதிலு குட்டை. அந்தப் புள்ளைங்க ஏறிக் குதிக்கட்டும்னுதானே இவ்வளவு நேரம் உங்கிட்ட வாயைக் குடுத்துக்கிட்டு நிக்கிறேன்!

ஏய், எங்க ஓடுற? அவரு தொரத்தித் தொரத்தி ஓட வச்ச கழுதைங்கய்யா, ஒருத்தியும் உன் கையில சிக்க மாட்டா!

யோவ்... செருப்பக் கழட்டிட்டு ஏறுய்யா, புல்லு அழுக்காயிரப் போவுது!