சேத்துச்சாமிக்கு ஏன் சேறு

பாளையக்காரங்க ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிட்டுச் செத்த காலம். நெடுமடை, நெடுமடைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். சண்டை ஓஞ்சப்ப ஆம்பளைகள்ல பாதிப்பேரு இல்ல. இருளாயி புருசனும் போயிட்டான்.

எதிரிப்படைய ஊரு எல்லையில மறிச்சு நின்னவன் சங்கிலிமுத்து. ஊரே அவனத் தலையில வச்சுக் கூத்தாடுச்சாம். அந்தத் திமிருல ஒரு நாளு, தனியாக் கெடந்த இருளாயி வீட்டுக்குள்ள நுழைஞ்சு கதவச் சாத்திட்டான், பாவிப்பய. அவ போட்ட கூப்பாடு தெருவுக்கே கேட்டுச்சாம். ஒரு ஈ காக்கா வரல.

இருளாயி நேரா ஊரு கூடுற மந்தைக்குப் போனா. "அவன வெட்டச் சொல்லல. ஊர விட்டுத் தொரத்தச் சொல்லல. செஞ்சது தப்புன்னு ஊரு ஒரு வார்த்த சொல்லட்டும். அது போதும்"னா.

ஊருப் பெரியவரு வெத்தலையத் துப்பிட்டுச் சொன்னாராம், "அவன் மறிக்கலைன்னா எதிரிக இதத்தான செஞ்சிருப்பாக?"

"அப்ப எதுக்கு மறிச்சான்?"னு கேட்டா.

மந்தையில இருந்தவுக துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக.

காலம் ஓடுச்சு. சங்கிலிமுத்து செத்தான். கம்மாக்கரையில அவனுக்குக் கல்லு நட்டாக, வாளும் மீசையுமா. பொம்பளைக குலவை போடணும். இருளாயி கம்மாயில எறங்குனா, ரெண்டு கையிலயும் சேத்த அள்ளுனா, கல்லு மொகத்துல அப்புனா. அடி பின்னிட்டாக. கல்லக் கழுவுனாக. மறுநாளும் கல்லுல சேறு. கழுவுனாக. அதுக்கு மறுநாளும் சேறு.

அவளும் செத்தா. எரிச்சுட்டு வந்தாக. விடிஞ்சு பாத்தா, கல்லு மொகத்துல பச்சச் சேறு. அப்பத்தான் வெளங்குச்சாம், அவன் கதவச் சாத்துனது ஒரு வீட்டுல மட்டுமில்லன்னு.

ஆனா ஒருத்தியும் வாயத் தொறக்கல. எப்படிச் சொல்லுவாளுக? இருளாயி சொல்லி என்ன கெடச்சுச்சு? மகளக் கூட்டிப் போயி, "சேத்த அள்ளி அப்புடி"ன்னாக. ஏன்னு சொல்லல. மக அவ மகளக் கூட்டிப் போனா. அவளுக்கு ஏன்னே தெரியாது. நேர்த்திக்கடனு நெனச்சா.

இப்பப் பாருங்க. கல்லுக்குக் கூரை, பூசாரி, உண்டியலு. சேத்துச்சாமியாம். கல்யாணமாகி வர்ற பொண்ணு மொதல்ல அங்க போயி, கை நெறையாச் சேறள்ளி மொகத்துல பூசணும். பூசிட்டு, கண்ண மூடிக் கும்புடுறா.

"சாமி, ஒன்னய மாதிரியே ஒரு ஆம்பளப் புள்ளையக் குடு."