கோடாரி விழாத பக்கம்

இரவு ஒன்று நாற்பது. ஓஹியோ ஆற்றை ஒட்டிப் போகும் ஏழாம் எண் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மலைச்சரிவு. நடுவில் ஒரே ஒரு வண்டி...

அந்த ஜன்னலைச் சாத்துங்கள். நாளைக் காலை எட்டு மணிக்குக் காமிக்ஸ் கண்காட்சியில் நம் புத்தகங்களுக்கு விற்பனை மேஜை போட வேண்டும், தெரியும். தூக்கம் வராதவர்கள் மட்டும் கேளுங்கள். இது நம் டெல்பர்ட்டின் அக்கா கணவன் லார்னுக்கு நடந்தது. டெல்பர்ட்டிடம் கேட்டால் எழுந்து போய்விடுவான். அதனால் நான் சொல்கிறேன்.

வண்டியின் பின்னால் முந்நூறு புத்தகங்கள். அச்சகத்திலிருந்து அப்போதுதான் எடுத்தது. மை வாசனையில் லார்னுக்குத் தலை வலித்தது. அவன் எழுதி வரைந்த ஜாம்பி காமிக்ஸ். பதிப்பாளர்கள் யாரும் தொடவில்லை. இணையத்தில் முன்பணம் கேட்டான். முந்நூறு பேர் போட்டார்கள். ஆறு மாதத்தில் புத்தகம் என்று வாக்குக் கொடுத்தான். இரண்டு வருஷம் ஆனது.

பணம் போட்டவர்கள் சும்மா இருப்பார்களா. காசைத் தின்றுவிட்டுத் தூங்குகிறாயா என்று எழுதினார்கள். உன் பிணங்களே உன்னைவிட வேகமாக நடக்கும் என்று ஒருவன் எழுதினான். அதற்கு நாற்பது பேர் சிரித்தார்கள். லார்ன் சாப்பிடும்போதும் அதைத்தான் படித்தான்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். நூற்றைம்பது டாலர் போட்டால் அந்த ஆளின் முகத்தையே கதையில் ஒரு பிணமாக வரைந்து கொடுப்போம். எப்படிச் சாக வேண்டும் என்பதையும் அவர்களே எழுதித் தரலாம். வெர்னா ஸ்டோக்லி என்ற அம்மா தன் கணவர் ஆரினுக்குப் பிறந்தநாள் பரிசாக அதை வாங்கினாள். ‘கோடாரி, நெற்றியில்’ என்று ஆரினே எழுதினார். பக்கத்தில் ஒரு சிரிப்புமுகம்.

நாலு மாதம் கழித்து ஆரின் செத்துப்போனார். நிஜமாக. தூக்கத்தில்.

வெர்னா லார்னுக்கு எழுதினாள். ஒரே வரி. அவரைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆனால் ஆரின் இருந்தது நடுப்பக்கத்தில். இரண்டு பக்கம் விரியும் கூட்டக் காட்சி, அதில் சரியாக மத்தியில். எடுத்தால் முழுதையும் மறுபடி வரைய வேண்டும். ஒரு மாத வேலை. வசவோ நிற்காமல் வந்துகொண்டிருந்தது. லார்ன் வெள்ளை மையை எடுத்தான். கோடாரியை மட்டும் அழித்தான். செத்தவரை இன்னொரு தரம் எதற்கு வெட்டுவது என்று நினைத்தான். அதை இரக்கம் என்றுகூட நினைத்தான்.

கதையின் விதியை எழுதியவனும் அவன்தான். இரண்டாம் பக்கத்தில், பெரிய எழுத்தில். தலையில் அடி விழாத பிணம் தன் வீட்டைப் பார்த்து நடக்கும்.

சரி. ஒன்று நாற்பது.

முன்விளக்கு வெளிச்சத்தில் சாலையோரம் ஒருவர் நடந்து போனார். சர்ர்... டக். சர்ர்... டக். வண்டியின் கண்ணாடிகள் ஏற்றித்தான் இருந்தன. சத்தம் உள்ளே கேட்டது. இடது தோள் சரிந்திருந்தது. வலது கை முன்னால் நீண்டிருந்தது. குடித்திருக்கிறார் என்று நினைத்து லார்ன் வேகத்தைக் குறைத்தான். பக்கத்தில் வந்ததும் பார்த்தான்.

இடது காது இல்லை. வெட்டு இல்லை, தழும்பு இல்லை. வழவழவென்று தோல்... வரைய மறந்த இடம் மாதிரி.

அந்த இடம் லார்னுக்குத் தெரியும். ஆரினுக்கு அந்தக் காதை வரைய விட்டுப்போனதை, பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்பிய பிறகுதான் கவனித்தான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

வீடு வரும்வரை அவன் பின்னால் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முதல் நாற்பது பிரதிகளைத் தபாலில் போட்டான். வசவு நிற்க வேண்டுமே. ஐந்தாம் நாள் வெர்னா போன் செய்தாள். எடுத்த எடுப்பில் திட்டினாள்.

“அஞ்சு நாளா ராத்திரி கதவு தட்டுது,” என்றாள். “ஜன்னல் வழியா பாத்தேன். அவரு சட்டை, அவரு தொப்பி. ஒரு காது இல்ல. இன்னைக்கு உன் புத்தகம் வந்துச்சு, பிரிச்சுப் பாத்தேன். என் புருஷனுக்கு ரெண்டு காதும் இருந்துச்சு. நீ வரைஞ்சவனுக்குத்தான் ஒண்ணு.”

“மேடம், நான் வேணும்னு...”

“முப்பத்தொரு வருஷம் பேக்கரிக்குப் போக ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்த மனுஷன். இப்பதான் படுத்தாரு. அவரைப் போய் நடக்க விட்டிருக்கே. ஆரம்பிச்சது நீதானே, நீயே முடி.”

முடிக்க உட்கார்ந்தான். கணினியில் இருந்த பக்கத்தை முதலில் திருத்தினான். பிறகு வீட்டில் இருந்த பிரதிகளை ஒவ்வொன்றாக விரித்து, கறுப்பு மையால் கோடாரியை வரைந்தான். நெற்றியில். ஒரு நாளைக்கு முப்பது. விரல்கள் மரத்துப்போயின.

வெர்னா தினமும் காலையில் கூப்பிட்டாள். திட்டுவதற்குத்தான். ஆனால் இன்னொன்றும் சொன்னாள். முதலில் தட்டும் சத்தம் அவள் முகத்துக்கு நேராகக் கேட்டது. நூறு பிரதி முடிந்த அன்று கைப்பிடி உயரத்தில் கேட்டது. இருநூறு முடிந்தபோது முழங்கால் உயரத்தில். காலடிச் சத்தம் போய்விட்டது. இழுபடும் சத்தம் மட்டும். சர்ர்... சர்ர்...

தபாலில் போனவற்றையும் லார்ன் திருப்பிக் கேட்டான். பிழையைத் திருத்தி அனுப்புகிறேன் என்றான். முப்பத்தொன்பது திரும்பி வந்தன, வசவுச் சீட்டுகளோடு. ஒன்று வரவில்லை. அது கேவின் லாஃப்டஸ் என்ற சேகரிப்பாளனிடம் இருந்தது. லார்ன் போனில் கெஞ்சினான்.

“மத்த எல்லாத்துலயும் கோடாரி போட்டுட்டியா?” என்றான் கேவின்.

“போட்டாச்சு. உன்னோடது ஒண்ணுதான் பாக்கி.”

“அப்ப கோடாரி இல்லாத புத்தகம் உலகத்துலயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு.” கேவின் சிரித்தான். “ரெண்டு வருஷம் என்னைக் காக்க வெச்சே இல்ல? இப்ப நீ காத்துக்கிட்டிரு ராசா.”

அதைக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து முத்திரையிட ஏற்கெனவே அனுப்பிவிட்டானாம். இனி உடைத்தால் மதிப்புப் போய்விடும். லார்ன் இரண்டாயிரம் டாலர் தருகிறேன் என்றான். கேவின் போனை வைத்துவிட்டான்.

அதன் பிறகு மூன்று நாள்... வெர்னா கூப்பிடவில்லை.

நாலாம் நாள் லார்ன் நேரில் போனான். இருட்டுகிற நேரம். அடி வாங்கக்கூடத் தயாராகத்தான் போனான். அவன் படியேறும் முன்பே அவள் கதவை உள்பக்கமாக அகலத் திறந்து பிடித்திருந்தாள். உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். ரொட்டி சுட்டிருந்தாள் போல. வீடு முழுக்க இலவங்கப்பட்டை மணம். அதற்கு அடியில் வேறொரு வாசனை. காயாத மை.

கேவின் தர மறுப்பதைச் சொன்னான். இன்னும் கேட்டுப் பார்க்கிறேன், பணத்தை ஏற்றித் தருகிறேன் என்றான். வெர்னா சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“விடு தம்பி,” என்றாள். “அது அவன்கிட்டயே இருக்கட்டும்.”

அத்தனை நாள் திட்டியபோதுகூட லார்னுக்கு அப்படிக் குளிரவில்லை. பாதிக் காபியோடு எழுந்துவிட்டான்.

வெளியே வந்ததும் அவனுக்குப் பின்னால் அவள் கதவைச் சாத்தினாள். திரும்பினான். அப்போதுதான் பார்த்தான். கதவின் அடியில் புதிதாகச் சதுரமாக அறுத்து, ஒரு ரப்பர் திரை தொங்கவிட்டிருந்தது. நாய் புகுந்து வரும் சின்ன வாசல்.

வெர்னா நாய் வளர்க்கவில்லை.

படியில் அறுத்த மரத்தூள், பெருக்காமல் கிடந்தது. அதன் மேல், அகலமாக, எதையோ இழுத்த தடம். உள்ளே போன தடம்...

வெளியே வந்த தடம் இல்லை.