நாளுக்கு அறுநூறு பந்து

எனக்குக் கோல்ஃப் பிடிக்காது, மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏக்கர் கணக்கில் புல்லை வளர்த்து, அதில் ஒரு சின்னக் குழியைத் தோண்டி, அந்தக் குழியைத் தேடிப் பெரிய மனிதர்கள் வெயிலில் அலைகிற ஆட்டம். இதே வேலையை ஒரு ஏழை செய்தால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். என் மகள் அன்புசெல்வி அதில் கெட்டிக்காரி. அதனால்தான் அந்தப் பக்கமே போனேன்.

நீங்கள் வாக்குமூலம் எழுதிக்கொள்ள வசதியாக வரிசையாகச் சொல்கிறேன். பெயர் சித்ராதேவி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்தேன். ஆறு வருடம் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தேன், பிறகு பதினான்கு வருடமாக லைன் சூப்பர்வைசர். எனக்குக் கீழே நாற்பது பெண்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று காலையில் பலகையில் எழுதுவேன். சாயங்காலம் அந்த எண்ணிக்கை முடிந்திருக்கும். பக்கத்து லைனில் முடியாது. கேட்டால் கரண்ட் போச்சு, நூல் அறுந்தது, தலை வலிக்கிறது என்பார்கள். காரணம் சொல்லுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

எங்கள் கம்பெனி கொரியாவுக்குச் சட்டை தைக்கிறது. அங்கே பெண்கள் கோல்ஃப் ஆடும்போது போடுகிற டி-ஷர்ட். வாங்க வருகிறவர்களைக் குஷிப்படுத்துகிறேன் என்று முதலாளி மயில்சாமி மொட்டை மாடியில் வலை கட்டி, பச்சைப் பாய் விரித்து, மட்டை ஒரு செட் வாங்கி வைத்தார். அவர்கள் வந்து ஆளுக்கு நாலு பந்து அடித்துவிட்டு ஏசி அறைக்கு ஓடிவிட்டார்கள். அப்புறம் அந்த வலையில் ஈரத்துணிதான் காய்ந்தது.

சாம்பிள் அறை டிவியில் மட்டும் அந்தப் பெண்களின் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அதில்தான் பார்த்தேன். போட்டி அமெரிக்காவில் நடக்கிறது. பட்டியலில் மேலே கிம், அடுத்து லீ, அதற்கும் கீழே இன்னொரு கிம். தமிழ்நாட்டைவிடச் சின்ன நாடு. உயரமான வெள்ளைக்காரிகள் பின்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இது எப்படி என்று முதலாளியிடம் கேட்டேன்.

"ஏனுங்கம்மிணி, அவிகெல்லாம் குச்சியில சோறு திங்கறவிக. அந்தக் கைப்பதம் நமக்கு வருமுங்களா?" என்றார்.

என் லைனில் ஒரு பெண் நாளுக்கு ஆயிரம் காலர் திருப்புவாள், மேடம். ஒரு காலரில் ஒரு நூல் பிசகாது. அவளை வைத்துப் பிழைக்கிற மனிதர் எனக்குக் கைப்பதம் பற்றிப் பாடம் நடத்துகிறார். கட்டிங் மாஸ்டராக இருக்கிற என் வீட்டுக்காரர் மாரிச்செல்வத்திடம் கேட்டேன். அங்கே குளிர் ஜாஸ்தி, அதனால் களைப்புத் தெரியாது என்றார். ஆண்களிடம் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

தையல் பார்க்க வருடத்துக்கு இரண்டு முறை ஒரு கொரியாக்காரி வருவாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தியை வைத்து, எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்லி அவளிடம் கேட்டேன். அவள் மட்டும்தான் ஒழுங்காகப் பதில் சொன்னாள். எட்டு வயதில் ஆரம்பித்தாளாம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் முன்னூறு பந்து, பின்னால் முன்னூறு. அவள் அப்பா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுவாராம். சொல்லிவிட்டு முழுக்கையை மேலே சுருட்டி இடது மணிக்கட்டைக் காட்டினாள். நீளமாக ஒரு ஆபரேஷன் தழும்பு.

"போதும்னு சொல்ல அன்னிக்கு யாருமே இல்லையாமுங்க்கா. உங்க பாப்பாவுக்காச்சும் பாத்துச் செய்யச் சொல்றாங்க" என்றாள் ஆபீஸ் பெண்.

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் ஜெயித்தவள் இல்லை. ஜெயித்திருந்தால் எதற்காகத் திருப்பூர் வெயிலில் வந்து காலர் தையலை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? தோற்றவர்களிடம் கணக்கைக் கேட்டுக்கொள்ளலாம், புத்திமதி கேட்கக்கூடாது. அறுநூறு என்பதை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அன்புசெல்விக்கு அப்போது பன்னிரண்டு வயது. முழுப்பரீட்சை லீவில் வீட்டில் தனியாக விட மனமில்லாமல் கம்பெனிக்குக் கூட்டிவந்திருந்தேன். மாடியில் விளையாட்டாக மட்டையை எடுத்தாள். முதல் பந்தே வலையின் நடுவில் போய் அடித்தது. அன்றைக்கு ஒவ்வொரு பந்துக்கும் ஒரு சிரிப்புச் சிரித்தாள். ஆறு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. எந்த வேலையும் பிடிபட்டுவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். என் லைனிலும் அப்படித்தான்.

விடிகாலை ஐந்து மணிக்கு முன்னூறு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முன்னூறு. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். சனிக்கிழமைகளில் கோயம்புத்தூரிலிருந்து முகிலன் என்கிற பயிற்சியாளர் வந்து கை பிடிப்பதைச் சரி செய்துவிட்டுப் போவார். லைனில் பாத்ரூம் போக டோக்கன் உண்டு, அரை ஷிப்ட்டுக்கு ஒன்று. மாடியிலும் அதே முறையை வைத்தேன். தண்ணீர் குடித்தால் போக வேண்டும், போனால் எண்ணிக்கை தள்ளிப்போகும். அதனால் முன்னூறு முடிந்த பிறகுதான் தண்ணீர்.

"ஒரு மடக்கு மட்டும் குடிச்சுக்கறேம்மா" என்று கேட்பாள். நான் அடுத்த எண்ணைச் சொல்வேன். பதில் சொன்னால் பேச்சு வளரும்.

பலன் இருந்தது, மேடம். அதை யாரும் மறுக்க முடியாது. பதினான்கு வயதில் கோயம்புத்தூரில் கோப்பை. அடுத்த வருடம் பெங்களூரில். முதலாளி கம்பெனி வாசலில் அவள் படத்தைப் பெரிய பேனராகக் கட்டினார். கொரியாக்காரர்களிடம் அதைக் காட்டி, "நம்ம புள்ளைங்க, நம்ம கைப்பதமுங்க" என்றார். குச்சியை மறந்துவிட்டார் போலும்.

மணிக்கட்டு வலி வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். முகிலன்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். திரும்பி வந்து, "அக்கா, மூணு மாசம் மட்டையவே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்றாருங்க" என்றார். நல்ல பையன், ஆனால் கோழை. மூன்று மாதம் என்றால் ஐம்பத்து நாலாயிரம் பந்து. அதைக் கொரியாவில் வேறொருத்தி அடித்துக்கொண்டிருப்பாள். டாக்டர் சீட்டைக் கிழித்துக் கட்டிங் வேஸ்ட் மூட்டையில் போட்டேன். அவளுக்குச் சரியாகிவிட்டது என்று முகிலனிடம் சொன்னேன்.

இப்போது மாத்திரை விஷயம். லைனில் என் மேஜை இழுப்பறையில் ஒரு டப்பா இருக்கும். வெள்ளை மாத்திரை. அட்டையில் பெயர் இருக்காது. தீட்டு வலி, இடுப்பு வலி, தோள் வலி, எல்லா வலிக்கும் அதே மாத்திரைதான். நான் சூப்பர்வைசர் ஆனபோதே அந்த டப்பா அங்கே இருந்தது. நானும் தின்றிருக்கிறேன். வீட்டுக்கு அனுப்பினால் ஒரு ஆள் குறையும்; மாத்திரை கொடுத்தால் அரை மணியில் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். பதினான்கு வருடத்தில் என் லைனில் ஒருத்தியும் சாகவில்லை. சில பெண்கள் கால் வீங்குகிறது, முகம் வீங்குகிறது என்று ஊருக்குப் போனார்கள். போனவர்களைப் பற்றி நான் விசாரித்ததில்லை. அவர்கள் இடத்துக்கு அடுத்த வாரமே ஆள் வந்துவிடும்.

அந்த டப்பாவிலிருந்துதான் அன்புசெல்விக்கும் கொடுத்தேன். முதலில் காலையில் ஒன்று. பிறகு இரண்டு வேளை. வயிறு எரிகிறது, இனிமேல் வேண்டாம் என்று அடம் பிடித்தாள். சரி, விட்டுவிடு என்றேன். மறுநாளிலிருந்து மிக்ஸியில் பொடித்துச் சத்துமாவுக் கஞ்சியில் கலந்தேன். வெல்லத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் கசப்புத் தெரியாது. கடைசியில் ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை.

"கஞ்சி ஒரு மாதிரி இருக்குதும்மா" என்றாள் ஒருநாள். மாவு புதிது என்றேன். குடித்துவிட்டாள். நான் சொன்னால் நம்புகிற பிள்ளை.

இந்த வருடம் முகம் ஊதியது. சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் காலில் குழி விழுந்தது. வீட்டுக்காரர் ஒருநாள், "ஏ சித்ரா, பிள்ளைக்கு மூஞ்சி வீங்கியிருக்குல்லா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவமா?" என்றார். தூக்கம் அதிகம் என்றேன். சரி என்று டீ குடிக்கப் போய்விட்டார். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாராம். அந்தக் கேள்வியை இரண்டாவது முறை கேட்டிருந்தால் அழ வேண்டியிருக்காது. எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

போன மாதம் கோயம்புத்தூரில் போட்டி, கடைசி நாள். பதினான்காவது குழிவரை அன்புசெல்விதான் முதலிடம். அங்கே முழங்கால் போட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். முகிலன் ஓடி வந்தார். நான் ஸ்கோர் போர்டைப் பார்த்தேன்.

"இன்னும் நாலு குழிதான். எந்திரி" என்றேன்.

"அம்மா, கண்ணு மங்கலா இருக்கும்மா."

"பந்து அங்கயேதான் இருக்கு. அடி."

எழுந்தாள். அடித்தாள். அந்த அடியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மேடம். நூல் பிடித்த மாதிரி போய்க் கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. எந்தக் கொரியாக்காரியும் அதைவிடச் சுத்தமாக அடித்திருக்க முடியாது. இருபது வருடம் நானும்தான் வேகமாகக் கை ஓட்டினேன். எனக்குப் பின்னால் யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணவில்லை. அது என் நெஞ்சில் இன்னும் வலிக்கிறது. அதற்கு மாத்திரை இல்லை.

அப்புறம் அவள் விழுந்துவிட்டாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்கிறார்கள். கஞ்சிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொடியைப் பார்த்ததாக முகிலன்தான் உங்களிடம் சொன்னாராம். அவர் சொல்லாவிட்டாலும் நானே சொல்லியிருப்பேன். மறைக்க இதில் என்ன இருக்கிறது?

தெரியாமல் செய்துவிட்டாள், படிக்காதவள் என்று எழுதிவிடாதீர்கள். அது எனக்கு அவமானம். கிழித்துப் போடுவதற்கு முன்னால் அந்தச் சீட்டை முழுவதும் படித்தேன். நம்பிக்கை வராமல் தனியாகப் போய் டாக்டரையும் பார்த்தேன். வலி மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெடும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று அவர் இரண்டு முறை சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கெட்டால் ஜெயித்த பிறகுதான் கெடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நாலு குழி குறைந்துவிட்டது. தெரிந்துதான் கொடுத்தேன், இரண்டு வருடம், என் கையால். இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதிக் கொடுக்கச் சொல்லி வைத்திருக்கிற அந்த இன்னொரு தாளை எடுத்துவிடுங்கள். என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவருடையது ஆகாது. கொடுக்க நான் தயார். இன்றைக்கே வேண்டுமானாலும் அறுத்து எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அவள் என்ன சொல்லி அனுப்பியிருக்கிறாள் பாருங்கள். இனிமேல் மட்டையைத் தொடச் சொல்ல மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வாளாம். பதினாறு வயதுப் பெண், பெற்றவளிடம் நிபந்தனை போடுகிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அந்த ஒரு வரியை மட்டும் என்னால் எழுத முடியாது, மேடம். எழுதாவிட்டால் பிழைக்க மாட்டாள் என்று நீங்கள் பயமுறுத்துகிறீர்கள். அதெல்லாம் பிழைப்பாள். டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று நாள்தானாம். மீதி நாலு நாள் சும்மாதானே இருக்கிறாள்.